டேட்டாபேஸ் நேர்முகத்தில் கேட்கப்படும் இரண்டாவது கேள்வி

முதலில் நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பி.எஸ்சி. கணிதம் முடித்து இரண்டு வருடமாக சப்போர்ட் வேலையில் இருக்கிறீர்கள். மூன்று வாரத்தில் டெவலப்பர் வேலைக்கு நேர்முகம். டேட்டாபேஸ் பகுதிக்காக ஒரு கேள்வி-பதில் பிடிஎஃப்பை முழுக்க மனப்பாடம் செய்துவிட்டீர்கள். ஆனாலும் போன முறை 'பேசிக்ஸ் போதாது' என்று அனுப்பிவிட்டார்கள். 'இன்னும் எதைப் படிக்கணும்?' என்று கேட்கிறீர்கள். பிடிஎஃப்பில் இருக்கும் தலைப்புகளே போதும் என்றுதான் எனக்குப் படுகிறது. பிரைமரி கீ (டேபிளின் ஒவ்வொரு வரிசையையும் தனித்து அடையாளம் காட்டும் ஃபீல்டு) என்றால் என்ன என்று சரியாகச் சொன்ன பிறகும் எதிரில் இருப்பவர் ஏன் திருப்தியடையவில்லை என்பதுதான் உங்கள் உண்மையான கேள்வி.

அவர் காத்திருப்பது இரண்டாவது கேள்விக்காக. முதல் கேள்விக்கு எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள், பெரும்பாலும் ஒரே வாக்கியத்தில். 'சரி, அப்படியானால் போன் நம்பரையே பிரைமரி கீயாக வைக்கலாமா?' என்று அடுத்து கேட்கும்போதுதான் ஆட்கள் பிரிகிறார்கள். கணக்கு வழக்கு சம்பந்தப்பட்ட சாஃப்ட்வேர் எழுதி, கூடவே நேர்முகங்களிலும் பல வருடங்களாக உட்கார்ந்து பார்த்ததில் சொல்கிறேன். நான் பார்த்ததெல்லாம் புதிதாக வருபவர்களும் மூன்று நான்கு வருட அனுபவம் உள்ளவர்களும்தான். டேட்டா சயின்ஸ் வேலைக்கோ, பல சர்வர்களில் பரவிக் கிடக்கும் பெரிய சிஸ்டங்களுக்கோ நடக்கும் நேர்முகம் வேறு ரகம். அதற்கு இந்தப் பதிலை நம்பாதீர்கள்.

என் யோசனை ஒன்றே ஒன்று: உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு விஷயத்தை எடுத்து நான்கைந்து டேபிள்களாக்கி, எந்தக் கேள்வி வந்தாலும் அதிலிருந்தே பதில் சொல்லுங்கள். பிடிஎஃப்பில் வரும் எம்ப்ளாயி-டிபார்ட்மென்ட் வேண்டாம், அதைக் கேட்டுக் கேட்டு எங்களுக்குக் காது புளித்துவிட்டது. நான் இங்கே சீட்டுக் கம்பெனியை எடுத்துக்கொள்கிறேன். ஒரு லட்ச ரூபாய் சீட்டு, 20 பேர், 20 மாதம், மாதம் 5,000. உறுப்பினர், சீட்டு, டிக்கெட் (சீட்டில் ஒரு பங்கு), தவணை ரசீது, ஏலம் என்று ஐந்து டேபிள்.

கீ பற்றிய கேள்விகள் எல்லாம் இங்கேயே வந்துவிடும். போன் நம்பரை உறுப்பினரின் பிரைமரி கீயாக வைத்தால், ஒரே போனைக் கொடுத்துச் சேரும் கணவன் மனைவியை என்ன செய்வது? நம்பர் மாறினால், அதைக் காட்டி நிற்கும் மற்ற டேபிள்களின் ஃபாரின் கீ எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். ஆகவே அர்த்தம் எதுவும் இல்லாத ஓர் உறுப்பினர் எண். அடுத்தது இன்னும் சுவாரசியமானது. யார் எந்தச் சீட்டில் இருக்கிறார் என்பதற்கு 'உறுப்பினர் எண், சீட்டு எண்' இரண்டையும் சேர்த்து கீயாக வைத்தால் போதும் என்று தோன்றும். ஆனால் ஒரே ஆள் ஒரே சீட்டில் இரண்டு டிக்கெட் போடுவது வெகு சாதாரணம். அந்த ஆள் வந்ததும் உங்கள் கீ உடைந்துவிடும். அதனால்தான் டிக்கெட் தனி டேபிள். கீயை முடிவு செய்வது தொழிலின் விதி. டேபிளில் இப்போது இருக்கும் டேட்டாவைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. இதை இப்படி ஓர் உதாரணத்தோடு சொல்பவரிடம் கேண்டிடேட் கீ (கீயாகத் தகுதியுள்ளது), காம்போசிட் கீ (பல ஃபீல்டு சேர்ந்தது) என்று தனித்தனியாக வரையறை கேட்க யாருக்கும் தோன்றாது.

அடுத்தது ஜாயின், அதாவது இரண்டு டேபிள்களை இணைத்துப் படிப்பது. அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். 'ஜூன் மாதத் தவணை கட்டாதவர்கள் யார்?' ரசீது டேபிளில் கட்டியவர்களின் வரிசை (ரோ) மட்டும்தான் இருக்கும். கட்டாதவருக்கு அங்கே தடயமே கிடையாது. 20 டிக்கெட்டில் 17 ரசீது இருக்கிறது, நமக்கு மீதி மூன்று வேண்டும். டிக்கெட்டை இடப்பக்கம் வைத்து ரசீதோடு லெஃப்ட் ஜாயின் (இடப்பக்க டேபிளின் எல்லா வரிசையும் வரும்) போட்டு, ரசீது எண் நல் (null, மதிப்பே இல்லாத காலி இடம்) என்று இருப்பதை எடுக்க வேண்டும் என்பது வரை எல்லோரும் சொல்லிவிடுகிறார்கள். 'மாதம் ஜூன்' என்ற நிபந்தனையை எங்கே எழுதுவீர்கள்? வேர் (where) பகுதியில் எழுதினால் ஒரு வரிசையும் வராது. கட்டாதவர்களுக்கு ரசீதுப் பக்கத்து ஃபீல்டுகள் எல்லாமே நல். நல் என்பது ஜூனுக்குச் சமம் என்று நிரூபணமாகாததால் அந்த மூன்று பேரும் வடிகட்டப்பட்டுவிடுவார்கள். மாதத்தையே எழுதாமல் விட்டால், சேர்ந்ததிலிருந்து ஒரு தவணைகூடக் கட்டாதவர் மட்டும் வருவார். மே வரை ஒழுங்காகக் கட்டி ஜூனில் நிறுத்தியவர் தப்பித்துவிடுவார். நிபந்தனை ஜாயினின் ஆன் (on) பகுதியில் இருக்க வேண்டும். 'ரசீது எண் ஈஸ் நல்' மட்டும் வேர் பகுதியில். ஒரே குவெரி (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி), நிபந்தனை இருக்கும் இடத்தைப் பொறுத்து மூன்று விதமான விடை. மூன்றையும் ஒருமுறை ஓட்டிப் பார்த்தவருக்கு லெஃப்ட் ஜாயின் ஆயுசுக்கும் மறக்காது.

இதே குடும்பத்தில் இன்னொன்று. டிக்கெட் வாரியாக எத்தனை ரசீது என்று எண்ணச் சொன்னால், லெஃப்ட் ஜாயினுக்கு மேல் குரூப் பை போட்டு கவுண்ட் ஸ்டார், அதாவது count(*), எழுதுவார்கள். ஒரு ரசீதும் இல்லாத டிக்கெட்டுக்கு 1 என்று வரும். கவுண்ட் ஸ்டார் வரிசைகளை எண்ணுகிறது; நல் நிரம்பிய வரிசையும் ஒரு வரிசைதான். ரசீது எண்ணைக் கவுண்ட் செய்தால் 0 வரும், ஏனென்றால் ஃபீல்டின் பெயரைக் கொடுக்கும்போது நல்லை விட்டுவிட்டு எண்ணும்.

நல் பற்றிப் பேசும்போதே நாட் இன் (not in, 'இந்தப் பட்டியலில் இல்லாதது') பற்றியும் சொல்லிவிட வேண்டும். யுபிஐயில் பணம் வந்திருக்கும், யாருடையது என்று தெரிந்திருக்காது. அலுவலகத்தில் அதை சஸ்பென்ஸ் கணக்கில் வைத்து, ரசீதில் டிக்கெட் எண்ணைக் காலியாக விட்டிருப்பார்கள். இப்போது 'டிக்கெட் எண் நாட் இன் ரசீதுகளின் டிக்கெட் எண்கள்' என்று எழுதினால், அந்த ஒரே ஒரு காலி வரிசையால் விடையே வராது. காரணம், நல்லோடு எதை ஒப்பிட்டாலும் உண்மை, பொய் இரண்டும் கிடைக்காது. 'தெரியாது' என்ற மூன்றாவது நிலைதான் கிடைக்கும். 7-ஆம் டிக்கெட் அந்தப் பட்டியலில் இல்லை என்று உறுதியாகச் சொல்ல டேட்டாபேஸால் முடியாது, ஏனென்றால் அந்தக் காலி இடத்தில் இருப்பது 7-ஆகவும் இருக்கலாம். நாட் எக்சிஸ்ட்ஸ் எழுதினால் இந்தத் தொல்லை இல்லை. எர்ரர் எதுவும் காட்டாமல் தப்பான ரிப்போர்ட் தருவதால் இது உண்மையான வேலையிலும் ஆபத்தானது. சப்போர்ட்டில் இருப்பவர் என்பதால் 'ரிப்போர்ட் காலியா வருது' என்ற புகாரை நீங்களே பார்த்திருக்கக்கூடும்.

குவெரியின் பகுதிகள் எதற்குப் பின் எது என்று அர்த்தம் பெறுகின்றன என்பதை மட்டும் மனப்பாடமே செய்துகொள்ளுங்கள்: ஃப்ரம், வேர், குரூப் பை, ஹேவிங், செலக்ட், ஆர்டர் பை. வேருக்கும் ஹேவிங்குக்கும் என்ன வித்தியாசம், செலக்ட்டில் வைத்த புதுப் பெயரை வேரில் ஏன் பயன்படுத்த முடியாது, ஆர்டர் பையில் மட்டும் ஏன் முடியும் என்ற கேள்விகளுக்கெல்லாம் இதிலேயே பதில் இருக்கிறது.

'இரண்டாவது அதிகபட்சச் சம்பளம்' கேள்வி எப்படியும் வரும். பதில் எழுதுவதற்கு முன், 'முதலிடத்தில் இரண்டு பேர் சமமாக இருந்தால் என்ன வேண்டும்?' என்று திருப்பிக் கேளுங்கள். தொகைகள் 30, 30, 25 என்றால், இடம் கணக்கிடும் ஃபங்ஷன்களில் ரோ நம்பர் 1, 2, 3 கொடுக்கும். ரேங்க் 1, 1, 3. டென்ஸ் ரேங்க் 1, 1, 2. ரேங்க் போட்டு 2 என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. மைஎஸ்க்யூஎல்லில் இந்த விண்டோ ஃபங்ஷன்கள் 8.0 பதிப்பில்தான் வந்தன. கல்லூரி லேபில் பழைய பதிப்பு இருந்ததால் நிறைய பேருக்கு இவை பழக்கமில்லை.

நார்மலைசேஷன் (ஒரே தகவல் பல இடங்களில் திரும்ப வராதபடி டேபிள்களைப் பிரிப்பது) வரையறைகளை ஒப்பிப்பவர்களிடம் நான் ஒரு தட்டையான டேபிளைக் காட்டிப் பிரிக்கச் சொல்வேன். டிக்கெட், மாதம், பெயர், போன், சீட்டுத் தொகை, கட்ட வேண்டியது, கட்டியது, எல்லாம் ஒரே வரிசையில். மாதம் ஒரு முறைதான் கட்டுவார்கள் என்று இப்போதைக்கு வைத்துக்கொண்டால் கீ 'டிக்கெட், மாதம்'. சீட்டுத் தொகை டிக்கெட்டை மட்டும் பொறுத்தது, மாதத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கீயின் பாதியை மட்டும் நம்பி நிற்பதால் இரண்டாம் நிலை (செகண்ட் நார்மல் ஃபார்ம்) உடைகிறது. அதைப் பிரித்து டிக்கெட் டேபிளில் உறுப்பினர் எண்ணையும் போனையும் சேர்த்து வைத்தால், போன் சார்ந்திருப்பது உறுப்பினரை. டிக்கெட் வழியாகச் சுற்றி வருகிறது. மூன்றாம் நிலை உடைகிறது. இவ்வளவுதான். இதில் எல்லோரும் தவறவிடுவது 'கட்ட வேண்டியது'. ஏலத்தில் ஒருவர் 20,000 தள்ளி எடுத்தார் என்றால், நடத்துபவர் கமிஷன் 5,000 போக மீதி 15,000-ஐ 20 பேருக்குப் பிரிக்கிறோம், ஆளுக்கு 750. அந்த மாதம் கட்ட வேண்டியது 4,250. இந்தத் தொகை அந்தச் சீட்டுக்கும் அந்த மாதத்துக்கும் உரியது, 20 பேருக்கும் ஒன்றே. அதன் இடம் ஏலம் டேபிள். ரசீதில் இருக்க வேண்டியது உண்மையில் கட்டிய தொகை மட்டும். ஒருவர் 2,000, 2,250 என்று இரண்டு தடவையாகவும் கட்டலாம். அப்போது 'டிக்கெட், மாதம்' கீயாக இருக்க முடியாது, ரசீது எண் வேண்டும். ஜாயின் போட்டால் அவர் பெயர் இரண்டு முறை வரும் என்பதையும் கவனியுங்கள்.

இந்தப் படிநிலைகள் எல்லாம் 1970-இல் ஐபிஎம்மின் சான் ஹோசே ஆய்வுக்கூடத்தில் இருந்த எட்கர் காட் எழுதிய கட்டுரையிலிருந்தும், அடுத்த இரண்டொரு வருடங்களில் அவர் அதை நீட்டித்ததிலிருந்தும் வந்தவை. வரலாறு யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் அவர் கவலைப்பட்டது எதற்கு என்று தெரிந்தால் உதவும்: டேட்டா டிஸ்க்கில் எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்பது மாறினாலும், அதைப் பயன்படுத்தும் புரோகிராம் உடையக் கூடாது. இண்டெக்ஸை (தேடலுக்கு உதவும் துணைப் பட்டியல்) சேர்த்தாலும் நீக்கினாலும் உங்கள் குவெரியின் விடை மாறாது, வேகம் மட்டும் மாறும் என்பது அதன் நேரடிப் பலன்.

இண்டெக்ஸுக்கு வருவோம். 'தேடல் வேகமாகும்' என்பது பாதிப் பதில். ஒவ்வொரு இன்செர்ட்டிலும் அதையும் சேர்த்து எழுத வேண்டியிருப்பதால் எழுதுவது மெதுவாகும் என்பது மீதி. பெரும்பாலான டேட்டாபேஸ்களில் சாதாரண இண்டெக்ஸ் பி-ட்ரீ வகை. போயிங் நிறுவனத்தில் இருந்தபோது பேயரும் மெக்ரெய்ட்டும் உருவாக்கி 1972-இல் வெளியிட்ட அமைப்பு. 'சீட்டு எண், தேதி' என்று இரண்டு ஃபீல்டுக்கு இண்டெக்ஸ் போட்டால், சீட்டு எண்ணை மட்டும் வைத்துத் தேடுவதற்கும் அது உதவும். தேதியை மட்டும் வைத்துத் தேடினால் பெரும்பாலும் உதவாது. அகராதியில் இரண்டாவது எழுத்தை மட்டும் தெரிந்துகொண்டு சொல்லைத் தேடுவது மாதிரி. அடுத்து, இண்டெக்ஸ் இருந்தும் பயன்படாத இடங்கள். தேதியிலிருந்து வருடத்தைப் பிரித்தெடுக்கும் ஃபங்ஷனைப் போட்டு '2024-க்குச் சமம்' என்று எழுதினால் தேதியின் இண்டெக்ஸ் வீண். '2024 ஜனவரி 1 முதல், 2025 ஜனவரி 1-க்கு முன் வரை' என்று எல்லையாக எழுத வேண்டும். லைக்கில் (எழுத்துப் பொருத்தம் பார்த்துத் தேடுவது) 'எதுவாகவும் இருக்கலாம்' என்ற சதவீதக் குறி முன்னால் வந்தாலும் அதே கதி. டேபிளில் இருபது வரிசைதான் என்றால் இண்டெக்ஸ் இருந்தாலும் டேட்டாபேஸ் முழு டேபிளையே படித்துவிடும், அதுதான் புத்திசாலித்தனமும்கூட. அதனால் 'இண்டெக்ஸ் போட்டால் வேகமாகிவிடும்' என்று அடித்துச் சொல்லாமல், 'எக்ஸ்பிளெய்ன் (டேட்டாபேஸ் எப்படித் தேடப்போகிறது என்று காட்டும் கட்டளை) போட்டுப் பார்ப்பேன்' என்று சொல்லுங்கள்.

டிரான்சாக்‌ஷன் (முழுதாக நடக்கும், இல்லாவிட்டால் மொத்தமாக ரத்தாகும் வேலைத் தொகுப்பு) பற்றிக் கேட்டால் ஆசிட் (ACID) என்ற நான்கெழுத்தை விரித்துச் சொல்வதோடு பலரும் நிறுத்திவிடுகிறார்கள். கவுண்டரில் நடப்பதைச் சொல்லுங்கள். ஒரு டிக்கெட்டுக்கு 10,000 பாக்கி. கணவர் கவுண்டரில் 5,000 கட்டுகிறார், அதே நொடியில் மனைவி யுபிஐயில் 5,000 அனுப்புகிறார். இரண்டு புரோகிராமும் பாக்கி 10,000 என்று படிக்கின்றன, இரண்டும் 5,000 கழித்து, பாக்கி 5,000 என்று எழுதுகின்றன. கட்டியது பத்தாயிரம், பாக்கி இன்னும் ஐயாயிரம். இரண்டும் தனித்தனி டிரான்சாக்‌ஷனுக்குள்தான் ஓடின, இரண்டும் கமிட் ஆயின (நிலையாகப் பதிவாயின), எர்ரர் இல்லை. டிரான்சாக்‌ஷன் போட்டுவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் இங்கே திகைத்துப்போவார்கள். சரி, வழி? படித்து, கழித்து, எழுதுவதற்குப் பதிலாக 'பாக்கி = பாக்கி − 5000' என்று ஒரே அப்டேட்டாக எழுதலாம். இரண்டாவது ஆள் முதலாவது கமிட் ஆகும் வரை அந்த வரிசைக்காகக் காத்திருந்து, புதிய தொகையிலிருந்து கழிப்பார். இடையில் வேறு கணக்கு போட வேண்டுமானால் படிக்கும்போதே ஃபார் அப்டேட் போட்டு வரிசையைப் பூட்டலாம். அல்லது வரிசையில் ஒரு வெர்ஷன் எண் வைத்து, எழுதும்போது அது மாறியிருந்தால் மறுபடி முயலலாம். மூன்றில் எது என்பது சூழலைப் பொறுத்தது. ஒரே அப்டேட்டில் முடியும் இடத்தில் மற்ற இரண்டுக்கும் போக மாட்டேன்.

இதுவரை சொன்னதில் பெரும்பகுதி எந்த டேட்டாபேஸிலும் நிற்கும். பிடிஎஃப்கள் பொதுவிதி மாதிரி எழுதிவைத்திருக்கும் சில விஷயங்கள் அப்படியில்லை. 'டிரங்கேட்டை (டேபிளை மொத்தமாகக் காலி செய்யும் கட்டளை) ரோல்பேக் செய்ய (பழையபடி திருப்ப) முடியாது' என்பது ஆரக்கிளிலும் மைஎஸ்க்யூஎல்லிலும் சரி. போஸ்ட்கிரெஸ்ஸிலும் எஸ்க்யூஎல் சர்வரிலும் டிரான்சாக்‌ஷனுக்குள் இருந்தால் முடியும். 'யூனிக் ஃபீல்டில் ஒரே ஒரு நல் மட்டும்' என்பது எஸ்க்யூஎல் சர்வரின் வழக்கம், போஸ்ட்கிரெஸ்ஸும் மைஎஸ்க்யூஎல்லும் பல நல்களை அனுமதிக்கும். ஆரக்கிளில் காலி எழுத்துச்சரமே நல்தான். ஐசொலேஷன் லெவல் (ஒரே நேரத்தில் ஓடுபவை ஒன்றையொன்று எவ்வளவு பார்க்கலாம் என்ற அளவு) எதையும் நாம் குறிப்பிடாவிட்டால் போஸ்ட்கிரெஸ், ஆரக்கிள், எஸ்க்யூஎல் சர்வர் மூன்றும் ரீட் கமிட்டெட். மைஎஸ்க்யூஎல்லின் சேமிப்பு எஞ்சினான இன்னோடிபி ரிப்பீட்டபிள் ரீட். ஃபாரின் கீ வைத்தால் இன்னோடிபி அதற்கு இண்டெக்ஸும் தானே போட்டுவிடும், போஸ்ட்கிரெஸ் போடாது. இப்படிப்பட்ட கேள்வி வந்தால் 'எந்த டேட்டாபேஸில்?' என்று கேட்டுவிட்டு, உங்களுக்குத் தெரிந்த ஒன்றுக்குப் பதில் சொல்லுங்கள். கேட்டவரே பிடிஎஃப்பை நம்பி வந்தவராக இருந்தால் கொஞ்சம் சங்கடமாகும், அதற்கு நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது.

நோஎஸ்க்யூஎல் (இப்படி டேபிள்களாக அடுக்காத வகை டேட்டாபேஸ்கள்) பற்றி ஒரு கேள்வி வரலாம், வராமலும் போகலாம்; இருக்கும் மூன்று வாரத்தில் அதற்கு ஒரு மாலைக்கு மேல் செலவிட வேண்டாம். மீதி நேரத்தில் லேப்டாப்பில் போஸ்ட்கிரெஸ்ஸை இன்ஸ்டால் செய்து அந்த ஐந்து டேபிளையும் கையால் உருவாக்குங்கள். எஸ்க்யூலைட்டும் போதும்தான். ஆனால் அதில் ஃபாரின் கீ சோதனை வழக்கமாக அணைந்தே இருக்கும், ஒவ்வொரு இணைப்பிலும் நாம்தான் போட்டுவிட வேண்டும். தெரியாதவர்கள் ஃபாரின் கீ வேலை செய்யவில்லை என்று குழம்புவார்கள். இரண்டு மூன்று பேர் ஒழுங்காகக் கட்டுபவர்கள், ஒருவர் இரண்டு டிக்கெட் வைத்திருப்பவர், ஒருவர் பாதிப் பாதியாகக் கட்டுபவர், ஒருவர் கட்டவே கட்டாதவர், ஒரு சஸ்பென்ஸ் ரசீது என்று வேண்டுமென்றே கோணலான டேட்டாவைப் போடுங்கள்.

அப்புறம் இரண்டு டெர்மினல் விண்டோவைப் பக்கத்தில் பக்கத்தில் திறந்துகொள்ளுங்கள். ஒன்றில் பிகின் போட்டு 3-ஆம் டிக்கெட்டின் பாக்கியை அப்டேட் செய்து கமிட் போடாமல் விடுங்கள். மற்றொன்றில் பிகின் போட்டு 8-ஆம் டிக்கெட்டை அப்டேட் செய்துவிட்டு, 3-ஐத் தொடப் பாருங்கள். கர்சர் அப்படியே நிற்கும், ஏனென்றால் அந்த வரிசை பூட்டியிருக்கிறது. இப்போது முதல் விண்டோவுக்குப் போய் 8-ஐ அப்டேட் செய்யுங்கள். சுமார் ஒரு விநாடியில் இரண்டில் ஒரு விண்டோவில் டெட்லாக் (ஒன்றுக்காக ஒன்று காத்து இரண்டுமே நின்றுபோவது) என்று எர்ரர் வரும், அந்த டிரான்சாக்‌ஷன் ரத்தாகும், மற்றது நகர்ந்துவிடும். எந்த புரோசஸ் எதற்காகக் காத்திருந்தது என்றும் அந்தச் செய்தியிலேயே இருக்கும். பிறகு இரண்டு விண்டோவிலும் 3 முதலில், 8 அடுத்து என்று ஒரே வரிசையில் செய்து பாருங்கள். ஒருவர் காத்திருப்பார், டெட்லாக் வராது. 'டெட்லாக்கை எப்படித் தவிர்ப்பீர்கள்?' என்று கேட்டால் இதையே சொல்லலாம்.